முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் பெயர் மாற்றத்துக்குக் காத்திருக்கலாமா?

வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

திருச்சி மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கிராமத்திலிருந்து மருத்துவமனைக்குப் போய்வர வாடகைக் கார் வைத்துக் கட்டுப்படியாகவில்லை. அதனால் பழைய கார்கள் விற்கும் ஷோரூம் ஒன்றுக்குத் தம்பியுடன் போயிருக்கிறார். அப்பாவின் நிலையைச் சொல்லி, "நம்பிக்கையாக ஓடக்கூடிய வண்டியாகக் காட்டுங்கள்" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் காட்டியது 2018ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார். மீட்டரில் 38,000 கிலோமீட்டர். "சிங்கிள் ஓனர், அடிபடாத வண்டி" என்று சொன்னார்கள். விலை 5,40,000 ரூபாய். அன்றே 50,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டி, அவர்கள் நீட்டிய ஆர்டர் படிவத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்திருக்கிறது. மறுநாள் போனில் பேசும்போதுதான், முதல் உரிமையாளரின் வங்கிக் கடன் இன்னும் முடியவில்லை என்று தெரியவந்திருக்கிறது. "மீதி 4,90,000 கட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள். நாங்கள் கடனை அடைத்து, ஹெச்.பி. (ஆர்.சி.யில் இருக்கும் வங்கிக் கடன் பதிவு) கேன்சல் செய்து, மூன்று மாதத்தில் ஆர்.சி.யை உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறோம். ஓனர் கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்களை இப்போதே கையில் தருகிறோம்" என்கிறார்கள். பில் வேண்டுமென்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியாக, அதாவது 97,200 ரூபாய் கூடுதல்; பில் வேண்டாமென்றால் பேசிய விலையே போதும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். படிவத்தின் பின்பக்கத்தில், "வாகனம் உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது, பின்னர் எந்தப் புகாரும் ஏற்கப்படாது, அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்திருக்கிறது. "பெரிய ஷோரூம், பயப்பட வேண்டாம், இன்சூரன்ஸ் வேறு ஏழு மாதம் இருக்கிறது" என்கிறார் தம்பி. பணத்தைக் கட்டலாமா, பின்வாங்கினால் 50,000 போய்விடுமா என்று கேட்கிறார் இந்தச் சகோதரி.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் நிலையில் உங்களுக்கு நீண்ட விளக்கம் படிக்க நேரம் இருக்காது. இப்போது அவர்கள் சொல்கிற ஏற்பாட்டின்படி 4,90,000 ரூபாயைக் கட்டாதீர்கள். அந்தக் காரையே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பணம் போகும் வழியும் வரிசையும் மாற வேண்டும். நீங்கள் இன்னும் கட்டாத அந்தத் தொகைதான் இந்த வியாபாரத்தில் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி. அதை விட்டுவிட்டால், பிறகு ஒவ்வொன்றையும் நீங்கள் கெஞ்சி வாங்க வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் எஞ்சின் பற்றியும் மீட்டர் பற்றியும்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். வண்டியின் கடனையும் பெயர் மாற்றத்தையும் "ஆபீஸ் வேலை" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். நான் பார்க்கும் வழக்குகளில் பழைய கார் வாங்கியவர்களை அதிகம் அலைய வைப்பது அந்த ஒரு வரிதான். எஞ்சினில் கோளாறு என்றால் பணம் செலவழித்துச் சரிசெய்யலாம். வேறொருவர் பெயரில், வேறொரு வங்கியின் பிடியில் இருக்கும் வண்டியை நீங்கள் என்ன செலவு செய்தாலும் உங்களுடையதாக்க முடியாது.

கையெழுத்துப் போட்ட படிவம் கையில் இருந்தால் போதுமா?

போதாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 50ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்தில் பதிவான வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விற்பனையைத் தெரிவிப்பதற்கு 29ஆம் படிவம், பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கு 30ஆம் படிவம். சட்டம் உங்களுக்கு 30 நாள் தரும்போது, அவர்கள் மூன்று மாதம் கேட்கிறார்கள். அதை முதலில் கவனியுங்கள்.

இதைவிட முக்கியமானது 51ஆம் பிரிவு. ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன், அதாவது அந்த வங்கிக் கடன் பதிவு, இருக்கும்வரை, கடன் கொடுத்த வங்கி எழுத்துமூலம் சம்மதிக்காமல் பெயர் மாற்றத்தைப் பதிவு செய்ய முடியாது. ஆகவே அந்த 29, 30 படிவங்கள் எவ்வளவு அழகாகக் கையெழுத்திடப்பட்டிருந்தாலும் இன்றைய நிலையில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் செல்லாது. வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கடன் முடிந்ததைத் தெரிவிக்கும் 35ஆம் படிவமும் வந்தாக வேண்டும். ஆர்.டி.ஓ. பணிகள் இணையத்துக்கு மாறியபின், பதிவில் இருக்கும் உரிமையாளரின் கைபேசிக்கு ஓ.டி.பி. போவதும் உண்டு, அப்போது அவர் ஒத்துழைக்க வேண்டும். இந்த மூன்று மாதத்தில் அவர் வெளிநாடு போகலாம், டீலரோடு கணக்குத் தகராறு வரலாம், இறந்தும் போகலாம். இறந்துவிட்டால் வாரிசுகள் வழியாகப் போகும் தனி நடைமுறை. அந்தக் குடும்பம் உங்களை ஒருநாளும் பார்த்தது கூட இருக்காது.

இனி பணத்துக்கு வருவோம். நீங்கள் கட்டும் 4,90,000 ரூபாயிலிருந்து டீலர் கடனை அடைப்பதாகச் சொல்கிறார். அடைக்காமல் வேறு வண்டி வாங்கப் போட்டுவிட்டால்? தவணை நின்ற கடனுக்கு வங்கி தேடி வருவது வண்டியைத்தான். "நான் முழு விலை கொடுத்தேன்" என்று நீங்கள் சொல்வது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர்களுடைய உரிமை உங்கள் விற்பனைக்கு முன்பே ஆர்.சி.யில் பதிவானது. உங்களுக்கு மிஞ்சுவது டீலர் மீதான வழக்கு மட்டும்.

இதில் முதல் உரிமையாளருக்கும் ஆபத்து இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அவரை நீங்கள் உங்கள் பக்கம் இழுக்க இது உதவும். 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுப் பொறுப்புக்கு உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் ஓட்டும்போது விபத்து நடந்தால் வழக்கில் அவர் பெயரும் வரும். அவரைச் சந்தித்து இதை எடுத்துச் சொன்னால், பெயர் மாற்றத்தில் உங்களைவிட அவருக்கு அவசரம் வந்துவிடும். டீலர் அவருடைய எண்ணைத் தர மறுத்தால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் ஏழு மாதம் இருக்கிறதே?

உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. வண்டி கைமாறும்போது மூன்றாம் நபருக்கான காப்பீடு வாங்கியவர் பெயருக்கு மாறியதாகவே மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவு கருதுகிறது. பாலிசியில் பெயரை மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் உங்கள் சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு இந்தப் பாதுகாப்பு தானாக வராது. அது காப்பீட்டு நிறுவனத்துக்கும் பழைய உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் என்று 1990களிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்பாவை அழைத்துப் போகும் வழியில் லாரி பின்னால் இடித்தால், பழுதுபார்க்கும் செலவு உங்கள் தலையில் விழக்கூடும். பாலிசியைப் பெயர் மாற்றும்போது பழைய உரிமையாளரின் நோ கிளைம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் தள்ளுபடி, அவருடனேயே போய்விடும். அந்த வித்தியாசத் தொகையை உங்களிடம் கேட்பார்கள். இந்தச் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பில்லும் 97,200 ரூபாயும்

இங்கே உங்களுக்குத் தவறான கணக்கு சொல்லப்பட்டிருக்கிறது. பழைய கார் விற்பனையில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற டீலர் கட்ட வேண்டிய வரி, 2025 ஜனவரியிலிருந்து எல்லா வகைப் பழைய கார்களுக்கும் 18 சதவீதம் என்பது உண்மை. ஆனால் முழு விலைக்கும் அல்ல. அவர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள லாபத் தொகைக்கு மட்டும். உதாரணத்துக்கு, அந்தக் காரை அவர் 4,80,000 ரூபாய்க்கு எடுத்திருந்தால் லாபம் 60,000. அதற்கு வரி 10,800. அவர் வெறும் தரகராக இருந்தால் அவருடைய கமிஷனுக்குத்தான் வரி. 97,200 என்ற எண் எந்த வகையிலும் வராது. அது உங்களைப் பயமுறுத்திப் பில் வேண்டாம் என்று சொல்லவைக்க எடுத்துக்காட்டிய எண் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பில் இல்லாமல் வாங்குவதில் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை, நஷ்டம் பெரிது. நாளை வழக்கு என்று வந்தால், "நாங்கள் விற்கவே இல்லை, ஓனர்தான் விற்றார், எங்கள் இடத்தில் வண்டி நின்றது, அவ்வளவுதான்" என்று சொல்வார்கள். பில் இருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, விற்ற பொருளுக்குப் பில் தராததையே முறையற்ற வணிகமாகச் சொல்கிறது. ஆகவே பில் கேட்பது நீங்கள் அவரிடம் எதிர்பார்க்கும் சலுகை அல்ல. 50,000 ரூபாய் அட்வான்ஸை எப்படிக் கட்டினீர்கள் என்று எழுதவில்லை. ரொக்கமாக என்றால், நிறுவனத்தின் பெயர், ஜி.எஸ்.டி. எண், வண்டி எண் எல்லாம் உள்ள ரசீது இன்றே வாங்குங்கள். இனிக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் வங்கி வழியாக, நிறுவனக் கணக்குக்கு மட்டும். விற்பனைப் பையனின் கைபேசி எண்ணுக்கு அனுப்ப வேண்டாம்.

"உள்ளது உள்ளபடி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே

இதைப் பார்த்துத்தான் நீங்கள் மிகவும் மனம் உடைந்திருக்கிறீர்கள். அந்த வாசகத்துக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய பொருளில் இயல்பாக வரும் தேய்மானம், பார்த்தாலே தெரியும் குறை இவற்றுக்கு அது டீலரைக் காப்பாற்றும். பொய் சொல்லி விற்றதிலிருந்து அது அவரைக் காப்பாற்றாது. மீட்டரைத் திருப்பிவிட்டு 38,000 என்று காட்டியிருந்தாலோ, அடிபட்ட வண்டியை அடிபடாத வண்டி என்று சொல்லியிருந்தாலோ, அது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17, 18ஆம் பிரிவுகளில் வரும் மோசடி அல்லது தவறான தகவல். 19ஆம் பிரிவின்படி அந்த ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம். தெரிந்தே ஏமாற்றியிருந்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் குற்றமாகவும் ஆகும்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை உங்களுக்கே தெரிந்திருக்கும் என்றால், டீலர் வாய்மூடி இருந்ததை மட்டும் வைத்து ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்பது கடினம் என்று அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 16ஆம் பிரிவும் இதே திசையில் போகிறது: பொருளை நீங்கள் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பல்ல. அதனால் பரிசோதிக்காமலும் இருக்கக் கூடாது, பேருக்கு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு "பரிசோதித்து திருப்தி அடைந்தேன்" என்று எழுதியும் கொடுக்கக் கூடாது. நன்றாகப் பரிசோதித்து, கண்டதை எழுதி வைப்பதுதான் உங்களைக் காக்கும்.

அந்த 16ஆம் பிரிவில் உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு குறையும். நீங்கள் எந்த மாடலையும் கேட்டுப் போகவில்லை. டயாலிசிஸ் நோயாளியை வாரம் மூன்று நாள் அழைத்துப்போக வேண்டும் என்றீர்கள். காரைத் தேர்ந்தெடுத்துக் காட்டியது அவர்கள். இது இன்றைக்கு வெறும் வாய்ப்பேச்சு. அதை எழுத்தாக்கிவிட்டால் உங்களிடம் ஒரு சாட்சியம் இருக்கும். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

அட்வான்ஸ் போய்விடுமா?

எளிதில் போகாது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் செய்யும்போது வாங்குபவருக்குத் தெரிவிக்காத மூன்றாம் நபரின் பாத்தியதை எதுவும் பொருளின் மேல் இருக்கக் கூடாது என்பது விற்பவர் தரும் உறுதி. வாயால் சொல்லாவிட்டாலும் அந்த உறுதி உண்டு. கடன் இருப்பதை அவர்கள் அட்வான்ஸ் வாங்குமுன் சொல்லவில்லை, மறுநாள்தான் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். "ஆர்.சி.யைக் காட்டினோம், அதிலேயே இருந்ததே" என்று அவர்கள் எதிர்வாதம் வைப்பார்கள். அன்று உங்களுக்கு ஆர்.சி.யைக் காட்டினார்களா என்பதை நினைவுபடுத்திக் குறித்து வையுங்கள். வழக்கின் பலம் அதில்தான் இருக்கிறது. காட்டவில்லை என்றால், பின்வாங்குவதற்கு நியாயமான காரணம் உங்கள் பக்கம் இருக்கிறது, முழுத் தொகையையும் கேட்கலாம். காட்டியிருந்தாலும், அச்சடித்த வரி ஒன்றை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. சில நாட்கள் நிறுத்தி வைத்த காருக்கு 50,000 ரூபாய் நஷ்டம் என்று காட்டுவது அவர்களுக்குச் சிரமம்.

ஒருவேளை பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ பிடித்துக்கொண்டுதான் தருவேன் என்று அடம்பிடித்தால்? அது உங்கள் முடிவு. 50,000 ரூபாயைக் காப்பாற்றுவதற்காக 4,90,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கட்டிவிடாதீர்கள் என்பது மட்டும் என் கவலை.

பெரிய ஷோரூம் என்றால் நம்பலாமா?

வாசலில் இருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள், படிவத்தில் விற்பவர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பல ஷோரூம்கள் பெரிய நிறுவனத்தின் பெயரை வாங்கி உள்ளூர் முதலாளி நடத்துபவை. உத்தரவாத அட்டை ஒரு நிறுவனத்துடையது, பில் இன்னொன்றுடையது, வண்டி மூன்றாமவருடையது என்று இருக்கும். உத்தரவாதம் தருகிறோம் என்றால் எந்தெந்தப் பாகத்துக்கு, எத்தனை மாதம் அல்லது எத்தனை கிலோமீட்டர், எந்த ஒர்க்‌ஷாப்பில் என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டோடு முடிந்துவிடும்; ஏ.சி., கிளட்ச், பேட்டரி எதுவும் சேராது.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. பழைய வண்டி டீலர்களுக்கென்று 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 55ஏ முதல் 55ஹெச் வரை புதிய விதிகள் சேர்க்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இதன்படி டீலர் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெறலாம். உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை இணையத்தில் 29சி படிவம் வழியாகத் தெரிவித்தால், அன்றிலிருந்து அந்த டீலரே வண்டியின் உரிமையாளராகக் கருதப்படுவார். பெயர் மாற்றம், என்.ஓ.சி. போன்றவற்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம். "உங்களுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா, இந்த வண்டிக்கு 29சி கொடுத்தாகிவிட்டதா?" என்று கேளுங்கள். ஆம் என்று சொல்லிக் காகிதத்தைக் காட்டினால், உங்கள் தம்பியின் நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. இல்லையென்றால், சட்டத்தின் கண்ணில் இந்த டீலர் இன்னமும் வண்டிக்கு வெளியே நிற்பவர்.

இந்தக் காரையே வாங்குவதென்றால்

கடன் பாக்கி எவ்வளவு என்று வங்கியிடமிருந்தே எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். கடனை முன்கூட்டி முடிப்பதற்கான தொகை, எந்தத் தேதிவரை அந்தத் தொகை செல்லும் என்று குறிப்பிட்டு வங்கி கடிதம் தரும். அந்தத் தொகையை, விலையின் ஒரு பகுதியாக, நீங்களே நேரடியாக அந்தக் கடன் கணக்கில் கட்டுங்கள். அதற்கு முன் டீலர், முதல் உரிமையாளர், நீங்கள் மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் முத்திரைத்தாளில் இருக்க வேண்டும்: இந்தத் தொகை விலையில் கழியும், வியாபாரம் நடக்காவிட்டால் இத்தனை நாளில் டீலர் திருப்பித் தருவார் என்று. பிறகு வங்கி என்.ஓ.சி.யும் 35ஆம் படிவமும் தரும். அவற்றோடு பெயர் மாற்ற விண்ணப்பம் போட்டு, ஒப்புகைச் சீட்டைப் பார்த்தபின் மீதியின் பெரும்பகுதியைக் கொடுத்து வண்டியை எடுங்கள். ஒரு தொகையை, முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ, அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் உங்கள் பெயர் வரும்வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. கையில் வந்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கடன் இல்லாத வண்டியென்றால் விற்பனையும் டெலிவரியும் முதலில் நடந்து, பெயர் மாற்றம் பின்னால் வருவது வழக்கம்தான். உங்கள் விஷயத்தில் வங்கி குறுக்கே இருப்பதால்தான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் முன்பு, வண்டி எண்ணை அரசின் எம்.பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். பதிவுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர், கடன், இன்சூரன்ஸ் முடியும் நாள் எல்லாம் வரும். இ-சலான் தளத்தில் அபராதப் பாக்கியும் தெரியும். "சிங்கிள் ஓனர்" என்று சொன்னது இங்கேயே உறுதியாகிவிடும் அல்லது பொய்த்துவிடும். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று நேரில் பாருங்கள்.

வண்டியைப் பார்க்க டீலருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொன்னால், அங்கே செய்த சர்வீஸ் ஒவ்வொன்றிலும் அன்றைய கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். 2021இல் 52,000 என்று இருந்தால் இன்றைய 38,000க்குப் பொருள் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் உரிமையாளரின் சம்மதம் கேட்கலாம். அதை வாங்கித் தருவது டீலர் வேலை. டயரின் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2018ஆம் ஆண்டு வண்டி 38,000 கிலோமீட்டர் மட்டும் ஓடியிருந்தால், கூடவே வந்த டயரே இன்னும் கிடப்பது சாத்தியம். நான்கும் மாற்றப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். வயதால் மாற்றியிருக்கலாம், ஓட்டத்தால் தேய்ந்தும் மாற்றியிருக்கலாம். பிரேக் பெடல், ஸ்டீயரிங், ஓட்டுநர் இருக்கை ஆகியவற்றின் தேய்மானம் மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று மெக்கானிக்குக் கண்ணாலேயே தெரியும்.

வண்டி சென்னைப் பதிவு என்றோ தூத்துக்குடிப் பதிவு என்றோ இருந்தால் இன்னும் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்திலும், அதே மாதம் தென் மாவட்ட வெள்ளத்திலும் ஏராளமான கார்கள் மூழ்கின. தண்ணீர் புகுந்த வண்டி வெளியே பளபளப்பாக இருந்தாலும் மின் இணைப்புகளில் மாதக்கணக்கில் தொல்லை தரும். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருக்கைக்கு அடியில் உள்ள இரும்பில் துரு ஏறியிருக்கிறதா என்று தடவ வேண்டும். வழியில் நின்றுபோனால் டயாலிசிஸ் நேரம் தவறும். அதனால் இந்த ஒரு விஷயத்தில் சந்தேகம் வந்தாலும் வண்டியை விட்டுவிடுங்கள். பழைய இன்சூரன்ஸ் கிளைம் விவரத்தையும் முதல் உரிமையாளர் மூலம் கேளுங்கள்.

டீலருக்கு இன்று அனுப்ப வேண்டிய செய்தி

வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் இப்படி அனுப்புங்கள்: "இத்தனையாம் தேதி இந்த எண்ணுள்ள காருக்கு 50,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினேன். டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் தந்தையை வாரம் மூன்று நாள் அழைத்துச் செல்லத் தகுந்த கார் வேண்டும் என்று சொன்னதன்பேரில் இதைக் காட்டினீர்கள். ஒரே உரிமையாளர், விபத்துக்குள்ளாகாதது, 38,000 கிலோமீட்டர் ஓடியது என்று கூறினீர்கள். வங்கிக் கடன் இருப்பது அட்வான்ஸ் கட்டிய பிறகே எனக்குத் தெரிவிக்கப்பட்டது. வங்கியின் கடன் பாக்கிக் கடிதம், உரிமையாளரின் தொடர்பு, 29சி விவரம், என் மெக்கானிக் வண்டியைப் பார்க்க அனுமதி ஆகியவற்றை ஏழு நாட்களுக்குள் தர வேண்டுகிறேன். இயலாவிட்டால் அட்வான்ஸ் தொகையைத் திருப்பித் தரவும்." கோபமான சொல் ஒன்றுகூட வேண்டாம். அன்று உங்களுக்கு ஆர்.சி.யைக் காட்டியிருந்தால் கடன் பற்றிய வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். உண்மைக்கு மாறான ஒரு வரி மற்ற வரிகளையும் பலவீனமாக்கும். அவர்கள் மறுக்காமல் பதில் போட்டால், வாய்ப்பேச்சாக இருந்தவை எல்லாம் எழுத்தாகிவிடும். போனில் கூப்பிட்டுப் பேசினாலும், பேசியதைச் சுருக்கி மறுபடி ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.

ஏழு நாளில் வழிக்கு வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள். பல டீலர்கள் இந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடுவார்கள். அடுத்தது வழக்கறிஞர் நோட்டீஸ், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பழைய பொருள் வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, பத்து லட்சம் வரை 200 ரூபாய். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் கூடுதலாகவே ஆகிறது. அப்பாவை வைத்துக்கொண்டு அந்தக் காத்திருப்பு உங்களுக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குப் புரிகிறது. பணம் கையில் இருக்கும் இப்போதே காகிதத்தைக் கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

அந்த ஏழு நாளும், தேவைப்பட்டால் இன்னும் சில வாரமும், வாடகைக் காரிலேயே அப்பாவை அழைத்துப் போங்கள். மாத வாடகை பேசி, டயாலிசிஸ் நாட்களுக்கு மட்டும் ஒரே ஓட்டுநரை அமர்த்தினால் செலவு சற்றுக் குறையும். டீலரின் பதில் வந்ததும் ஆர்டர் படிவத்தின் இரண்டு பக்கங்களையும், அட்வான்ஸ் ரசீதையும், ஆர்.சி. நகலையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். கட்டணம் கட்ட முடியாத நிலை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.